சுடலைமுத்து விற்ற மலை சைக்கிள்

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு என் சைக்கிளை விற்றுவிட்டேன். கேட்ட விலைக்கு, ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் விற்றேன். இதையெல்லாமா உட்கார்ந்து எழுதி ஊருக்கு அனுப்புவான் என்று கேட்பீர்கள். அனுப்பத்தான் வேண்டும். ஏனென்றால், நான் மும்பையில் மோட்டார் பைக் வைத்திருப்பதாக நம்மூரில் பாதிப் பேர் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தத் தப்பு என்னுடையதுதான். வாங்கிய அன்று அப்பாவுக்கு போன் செய்து, "எப்பா, எலக்ட்ரிக் மவுண்டன் பைக் வாங்கிருக்கேன்" என்றேன். பெட்டியின் மேல் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அப்பாவுக்கு அதில் பிடிபட்டது 'பைக்' என்ற ஒரு சொல் மட்டும். அவர் டீக்கடையில் சொல்ல, டீக்கடை தெருவுக்குச் சொல்ல, எனக்குப் பெண் பார்த்தபோது அது பெண் வீடு வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளை டிப்ளமா படித்தவர், பம்பாயில் லிஃப்ட் கம்பெனியில் இருக்கிறார், பைக் வைத்திருக்கிறார்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், என் மனைவி இசக்கி என் போனில் அந்தப் படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது மிதிக்குத சைக்கிள்லா?"

"மோட்டாரும் இருக்கு."

"மோட்டார் இருந்தா எதுக்கு மிதிக்கீங்க?"

பின்னால் தான் உட்காரக் கேரியர்கூட இல்லை என்று வேறு குறை சொன்னாள். ஆனாலும் அது லேசுப்பட்ட சைக்கிள் இல்லை. தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், பின் சக்கரத்தில் மோட்டார், கம்பிக்குள் பேட்டரி. பெடலை அழுத்தினால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும். மலையில் ஓட்டுவதற்காகச் செய்தது. நான் அதை தாதர், மாட்டுங்கா, செம்பூர் என்று கட்டடம் கட்டடமாக ஓட்டினேன். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் போய் நிற்க வேண்டும். காலை ஒன்பது மணி லோக்கல் ரயிலில் கருவிப் பையோடு ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் அதை வாங்கினேன் என்று புரியும். இந்த வருடம் கம்பெனி என்னை சூப்பர்வைசர் ஆக்கி ஒரு ஸ்கூட்டரும் கொடுத்துவிட்டது. சைக்கிள் கீழே படிக்கட்டோரம் சும்மா நின்றது.

விற்றதற்குக் காரணம் அது மட்டும் இல்லை. எனக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். நான் அவளை இதுவரை மொத்தம் ஒன்பது நாள்தான் பார்த்திருக்கிறேன். தாராவியில் நான் இருப்பது நாலு பேரோடு ஒரே அறையில். அங்கே இசக்கியையும் பாப்பாவையும் கூட்டி வந்து எங்கே படுக்க வைப்பது? தேடித் தேடி சுனாபட்டியில் ஒரு வீடு பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, குளியலறை உள்ளேயே. வீட்டுக்கார அம்மா, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் முன்பணம் முழுதாக வர வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் இன்னொரு குடும்பம் நிற்கிறது என்று சொல்லிவிட்டார். சேர்த்து வைத்தது, கம்பெனியில் முன்பணம் வாங்கியது எல்லாம் போக, துண்டு விழுந்தது இருபத்திரண்டாயிரம். சைக்கிளுக்கு நான் போட்ட விலையும் அதே இருபத்திரண்டாயிரம்.

2

விளம்பரத்தை நான்தான் முதலில் எழுதினேன், ஆங்கிலத்தில், 'மரியாதைக்குரிய ஐயா' என்று ஆரம்பித்து. எழுதியதை சித்தப்பா மகள் ரேகாவிடம் காட்டினேன். ரேகா தாராவியிலேயே பிறந்தவள், காலேஜில் இரண்டாம் வருடம். தமிழ் பேசுவாள். தமிழில் எழுதியிருந்தால் மட்டும், தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவாள்.

"அண்ணா, இது என்ன லீவ் லெட்டரா?" என்று சொல்லிவிட்டு அத்தனையையும் அழித்தாள். அவளே நாலு வரி போட்டாள். நான் அதில் மூன்று விஷயம் சேர்க்கச் சொன்னேன். பேட்டரி புதிதில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓடியது, இப்போது முப்பதுதான். வேகம் காட்டும் சின்னத் திரையில் ஒரு கீறல். மழையில் பிரேக் சத்தம் போடும்.

"நீ சாமான் விக்கிறியா, சர்ச்ல போய் கன்ஃபெஷன் சொல்றியா?"

"வாங்குறவன் நாளைக்கு வந்து கேப்பாம்லா."

"இது மும்பை அண்ணா. யாரும் திரும்பி வர மாட்டான், யாருக்கும் டைம் இல்ல."

ஆனாலும் சேர்த்தாள். மறுநாள் காலையிலிருந்து போன் வர ஆரம்பித்தது. பத்தில் ஏழு பேர் கேட்ட முதல் கேள்வி, ஆர்.சி. புக் இருக்கிறதா?

"இது சைக்கிள் பாய். ஆர்.சி. தேவையில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மோட்டார் தள்ளாது."

"பிறகு ஏன் பைக் என்று போட்டாய்?"

சிரித்துவிட்டேன். அப்பா செய்த அதே தப்பைத்தான் இந்த ஊரும் செய்கிறது. தாணேயிலிருந்து ஒருவர் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா என்றார். இன்னும் மூன்று பேர் நன்றாகத்தான் பேசினார்கள், எங்கே வந்து பார்ப்பது என்று கேட்கும் வரைக்கும். தாராவி என்றதும், "சரி, யோசித்துச் சொல்கிறேன்."

"அட்ரஸ் சயான்னு போடு அண்ணா" என்றாள் ரேகா. சயான் எங்களை ஒட்டிய, பெயர் கெடாத பகுதி.

"நாம தாராவியிலதான இருக்கோம்."

"நான் காலேஜ்ல சயான்னுதான் சொல்றேன். ரெண்டு வருஷமா."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், போனைப் பார்த்துக்கொண்டே. எனக்குத்தான் அன்றைக்கு முழுவதும் அந்த வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை. முகவரியை மாற்றவில்லை.

3

புதன்கிழமை சாயங்காலம் வந்தவர் பெயர் குல்கர்னி. செம்பூரில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் விசில் கயிறு தொங்குவதுபோல நிமிர்ந்து நடப்பார். தாராவிக்கு வர அவர் தயங்கவில்லை. சொன்ன சந்தில், சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். நாங்கள் பேசியதெல்லாம் இந்தியில். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மலையேறணும்னு ஆசை. முட்டி கேட்க மாட்டேங்குது. மோட்டார் தள்ளினா ஏறிடுவேன்" என்றார்.

சயான் கோட்டைக்குப் போகும் ஏற்றத்துக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஓடினேன். கொஞ்ச தூரத்தில் என்னால் ஓட முடியவில்லை, அவர் போய்க்கொண்டே இருந்தார். திரும்பி வந்து இறங்கியபோது அவர் முகம், பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பையன் முகம்போல இருந்தது. முட்டியை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சது. நான் எடுத்துக்கறேன். விலை பேச மாட்டேன். குறைகளை நீயே எழுதிட்ட, பிறகு எதைச் சொல்லிக் குறைக்கிறது?" என்றார்.

அந்த நிமிடம் சுனாபட்டி வீட்டின் ஜன்னலில் இசக்கி கொடி கட்டித் துணி காயப்போடுவது எனக்குத் தெரிந்தது.

"பில்லைக் காட்டு" என்றார்.

காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"சுடலைமுத்து யாரு?"

"எங்க அப்பா, சார்."

"அப்போ சைக்கிள் அப்பாவோடது."

"இல்ல சார், என்னோடது."

"பில்லு அவர் பேர்ல இருக்கே?"

"அது என் பேரு, சார்."

"உன் பேரு வேல்ராஜ்னு விளம்பரத்துல இருந்ததே?"

"அதுவும் என் பேருதான்."

குல்கர்னி கண்ணாடியைக் கழற்றினார். பில்லை மடித்து என் கையில் மெதுவாக வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "பாரு தம்பி, பேட்டரிக்கு இன்னும் ஒரு வருஷம் வாரண்டி இருக்குன்னு நீதான் சொன்ன. அதை என் பேருக்கு மாத்தணும்னா முதல் சொந்தக்காரன் வேணும். சொந்தக்காரன் யாருன்னே உனக்குத் தெரியல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்க்கறேன். நீயும் பில்லுல இருக்கிற ஆளும் ஒண்ணுன்னு ஒரு காகிதம் கொண்டு வா. இல்லேன்னா தாணேயில இன்னொரு சைக்கிள் பார்த்து வெச்சிருக்கேன்."

4

நம்மூரில் இது ஒரு விஷயமே இல்லை. சு. வேல்ராஜ். சு என்றால் சுடலைமுத்து, அப்பா. ஒரு எழுத்து, ஒரு புள்ளி, வேலை முடிந்தது. இங்கே எந்தக் காகிதத்திலும் மூன்று கட்டம் இருக்கும்: பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். ஒரு எழுத்தையும் புள்ளியையும் எந்தக் கட்டத்தில் வைப்பது? பான் கார்டுக்காரர்கள் எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்தேன். அது முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது: சுடலைமுத்து வேல்ராஜ். வேலைக்குச் சேர்ந்தபோது அதைப் பார்த்து அடையாள அட்டையில் 'சுடலைமுத்து வி.' என்று போட்டார்கள். சைக்கிள் கடையில் அந்த வி.யும் விழுந்துவிட்டது.

ஆகவே மும்பையில் நான் சுடலை. "சுடலை, மூணாவது மாடி!" "அரே சுடலை, சாப்பிட்டியா?" வாட்ச்மேன்களுக்கு நான் சுடலை பாய். முதல் வருடம், கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். அப்பாவைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மனசு அந்தப்பக்கம் போய்விடும். பிறகு பழகிவிட்டது.

ஒருமுறை அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருத்தன், "ஏ சுடலைமுத்து!" என்று கத்தினான். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். "யாரு எய்யா அது, உங்க அப்பாவ இப்படிக் கூப்பிடுதது?" என்றாள். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகும், "இருந்தாலும் ஒரு மரியாதையாக் கூப்பிடக் கூடாதா" என்றுதான் முடித்தாள்.

இசக்கியும் அப்படித்தான். அவளுக்கு அது மாமனார் பெயர். ஒரு நாள் கம்பெனியிலிருந்து அவள் எண்ணுக்குக் கூப்பிட்டு சுடலைமுத்து இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் நேராகக் கொண்டுபோய் அப்பா கையில் போனைக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு இந்தி தெரியாது. எந்த லிஃப்ட் நின்றுபோனது என்று கேட்ட என் மேனேஜரிடம், மழை இல்லை, உளுந்து விதைக்கவில்லை என்று அவர் விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் நான் ஒரு சிரிப்புக் கதையாகத்தான் ஆறு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். இப்போது அந்தக் கதை என் வீட்டுச் சாவியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

5

சனிக்கிழமைதான் எனக்கு அரை நாள் கிடைத்தது. கோர்ட் வாசலில் வரிசையாக டைப் அடிப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெயர் மாற்றம், வாடகை ஒப்பந்தம், விவாகரத்து எல்லாம் ஒரே மேஜைதான். நான் போய் நின்றவரின் கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அடித்து வைத்த படிவம் இருந்தது. பெயரை மட்டும் மாற்றுவார்.

"பேரு?"

"வேல்ராஜ்."

"பில்லுல?"

"சுடலைமுத்து."

"அப்பா பேரு?"

"சுடலைமுத்து."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பாவுக்கும் உனக்கும் ஒரே பேரா?"

"இல்ல, எங்க ஊர்ல அப்பா பேரோட முதல் எழுத்த..."

"பின்னாடி ஆளு நிக்கிறாங்க தம்பி. ரெண்டும் ஒரே ஆளுன்னு வரணும், அவ்வளவுதானே?"

"ஆமா."

பத்து நிமிடத்தில் முத்திரைத் தாளில் அடித்து, உள்ளே அனுப்பி, வக்கீல் கையெழுத்தும் சிவப்பு முத்திரையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பிரித்துப் படித்தேன். முதல் பத்தி சரி. இரண்டாவது பத்தி சரி. மூன்றாவதில் இருந்தது இது: 'மேற்படி தகப்பனாராகிய சுடலைமுத்துவும் மகனாகிய வேல்ராஜும் ஒரே நபர்தான் என்று சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுகிறேன்.'

அடுத்த நிறுத்தத்தில் குதித்து ஓடினேன். மேஜையைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இனி திங்கட்கிழமைதான்.

அங்கேயே நின்று இசக்கிக்குப் போன் செய்தேன். வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

"அப்போ அத்தைக்கு நான் மருமகளா, சக்களத்தியா?"

"ஏட்டி, வாயக் கழுவு. பக்கத்துல அம்மா இருக்காளா?"

"பாப்பா இருக்கா. இவளுக்கு நீங்க அப்பாவா தாத்தாவான்னு அதுலயே ஒரு வரி எழுதி வாங்கிருக்கலாம்லா."

"நான் இங்க நெருப்புல நிக்கேன், நீ கேலி பண்ணுத."

சிரிப்பு நின்றது. "வீடு போயிருமா?" என்றாள். அப்போதுதான் அவள் குரலைச் சரியாகக் கேட்டேன். "போவாது" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

ரேகா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "யார் அண்ணா படிக்கப் போறா? ஸ்டாம்ப் இருக்கு, ரெட் சீல் இருக்கு. அப்படியே குடுத்துடு. சும்மா காலி பீலி டென்ஷன் எடுக்காத" என்றாள்.

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். அந்த சிவப்பு முத்திரையைப் பார்த்தால் யாருக்கும் படிக்கத் தோன்றாது. ஆனால் எங்கள் வீட்டில் காகிதம் என்றால் அப்படித்தான் இருந்தது. யாரோ நீட்டுவார்கள், அப்பா கட்டை விரலை வைப்பார். அதில் என்ன எழுதியிருந்தது என்று பிறகுதான் தெரியும். தெரியும்போது யாரிடமும் கேட்க முடியாது. எங்கள் வீட்டில் ஒரு காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்த முதல் ஆள் நான். பொய் என்று தெரிந்த காகிதத்தை, இன்னொருவர் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் நீட்டுவதற்கா நான் படித்தேன்?

அன்று சாயங்காலம் அறையில் எல்லோரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்க, பரணில் ஏறி உட்கார்ந்து நானே எழுதினேன். வெள்ளைத் தாளில், ஆங்கிலத்தில், ஒரு பக்கம். நாலு முறை கிழித்தேன். ஐந்தாவது இப்படி வந்தது: 'எங்கள் ஊரில் குடும்பப் பெயர் வைப்பதில்லை. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை எங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்கிறோம். என் பெயர் வேல்ராஜ். என் தகப்பனார் சுடலைமுத்து. இந்த நகரத்தின் படிவங்களில் அந்த ஓர் எழுத்துக்கு இடம் இல்லாததால் அவர் பெயர் முழுவதும் எழுதப்பட்டது. பிறகு என் பெயர் விடுபட்டது. இந்தச் சைக்கிளை வாங்கியது நான். ஓட்டியது நான். விற்பது நான்.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிளை ஓட்டிக்கொண்டே செம்பூர் போனேன். குல்கர்னி வீட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினேன். டிப்ளமா சான்றிதழ், ஆதார், பான், கம்பெனி அட்டை, பில். ஐந்திலும் ஐந்து விதமாக நான். கடைசியாக அந்த முத்திரைத் தாளையும் வைத்து, "இது தப்பு சார், ஆனா நீங்க கேட்டதுக்காகப் போய் வாங்கினது. மூணாவது பத்தியப் படிச்சுப் பாருங்க" என்றேன்.

படித்தார். தோள் குலுங்கியது. உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டு அவருக்கும் வாசித்துக் காட்டினார். "அப்போ தேர்தல்ல உனக்கு ரெண்டு ஓட்டா?" என்றார். நானும் சிரித்தேன், ஆனால் என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பன்னிரண்டு ஆக இருபது நிமிடம்.

பிறகு என் வெள்ளைத் தாளை எடுத்தார். இதற்குச் சிரிக்கவில்லை. ஒருமுறை படித்தார். திரும்ப மேலேயிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்க ஆளுங்க எல்லாருக்குமே இப்படித்தானா?"

"பெரும்பாலும் இப்படித்தான், சார்."

"எங்க ஸ்கூல்ல ஒரு பையன் இருந்தான். ஆறுமுகம். நூறு மீட்டர்ல அவனைப் பிடிக்க ஆளே கிடையாது. ஆனா கூப்பிட்டா திரும்ப மாட்டான். ரெண்டு தடவை கத்தினாலும் திரும்ப மாட்டான், மூணாவது தடவைதான். காது மந்தம்னு நினைச்சு டாக்டர்கிட்டக் காட்டச் சொன்னேன். திமிர்னு நினைச்சு ஒரு தடவை மைதானத்தைப் பத்து சுத்து ஓட விட்டேன். வருகைப் பதிவேட்டுல ஆறுமுகம் சரவணன்னு இருந்தது."

மேஜையில் இருந்த என் பான் கார்டை விரலால் தட்டினார்.

"ஓடினது சரவணன். நான் நாலு வருஷமா அவன் அப்பாவுக்கு சர்டிபிகேட் எழுதிக் குடுத்திருக்கேன்! அந்த மனுஷன் ஏதோ மில்லுல வேலை பார்த்தாரு, தொப்பை வேற." இப்போது அவரே சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஏன் அவன் ஒரு தடவைகூடச் சொல்லல?"

"நானும் என் ஆபீஸ்ல சொல்லல சார். அப்பா பேரைத்தான கூப்பிடுறாங்க, திட்டலையேன்னு விட்டுட்டேன்."

"திரும்பறதுக்கு உனக்கும் மூணு தடவை ஆச்சா?"

"முதல் வருஷம் ஆச்சு."

வாரண்டி மாற்றும் எண்ணுக்கு அவர்தான் போன் போட்டு என் கையில் கொடுத்தார். ஒரு பெண் குரல். "திரு. சுடலைமுத்துவுடன் பேசுகிறேனா?"

நான் குல்கர்னியைப் பார்த்தேன். அவர் கையை வீசினார், சொல்லு சொல்லு என்று.

"ஆமா, சுடலைமுத்துதான் பேசுறேன்" என்றேன். என் எண்ணுக்கு ஆறு இலக்கம் வந்தது, சொன்னேன். புதிய சொந்தக்காரர் பெயரைக் கேட்டாள். குல்கர்னி வாங்கிச் சொன்னார். அவர் பெயர், அவர் அப்பா பெயர், குடும்பப் பெயர். மூன்று கட்டத்திலும் மூன்றும் அழகாகப் போய் உட்கார்ந்தன. ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் மனைவி அவலும் டீயும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்ட பிறகுதான் பணம் அனுப்புவேன் என்று குல்கர்னிக்குப் பிடிவாதம். அனுப்பும்போது போனில் பெயரைப் பார்த்துவிட்டு, "இங்கே என்ன போட்டிருக்கு பார், வேல்ராஜ் எஸ். பேங்குக்காரனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு" என்றார். மணி ஒன்றேகால்.

ரசீது கேட்டார். அவர் மேஜையிலேயே எழுதினேன். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், மூன்று கட்டமும் இல்லாத வெற்றுத் தாளில், சு. வேல்ராஜ் என்று தமிழில் கையெழுத்திட்டேன். இது என்ன எழுத்து, இது என்ன புள்ளி என்று விரல் வைத்துக் கேட்டுக்கொண்டார்.

கீழே வந்து சார்ஜரையும் இரண்டு சாவிகளையும் ஒப்படைத்தேன். அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று போனார். நான் வாசலைத் தாண்டியிருப்பேன்.

"வேல்ராஜ்!"

முதல் தடவையிலேயே திரும்பினேன்.

"பிரேக் சத்தம் போடுது!"

"மழையில போடும்னு விளம்பரத்துலயே எழுதிருக்கேன் சார்!"

வாட்ச்மேன் பயந்துபோய் எங்கள் இருவரையும் பார்த்தார். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

7

சைக்கிள் இல்லாமல் நான் அந்தச் சாலையில் நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. குடை இல்லை, நனைந்துகொண்டே போனேன். யாராவது பார்த்திருந்தால், ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவன் என்று நினைத்திருப்பார்கள். அப்படித்தான் இருந்தது எனக்கும். இந்த ஊரில் ஆறு வருடத்தில் நான் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காமல் நானே எழுதிய ஒரு காகிதத்தை ஒருவர் இரண்டு முறை படித்தது அன்றுதான்.

நாலரை மணிக்கு சுனாபட்டி வீட்டுக்கார அம்மாவிடம் பாக்கியைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். காலி அறை. பேசினால் எதிரொலித்தது. சமையல்கட்டுக் குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது. குளியலறைக் கதவை நாலு தரம் திறந்து மூடினேன். உள்ளிருந்து தாழ் போட முடிகிற ஒரு குளியலறை! பிறகு தரையில் உட்கார்ந்து இசக்கியைக் கூப்பிட்டேன்.

"வித்தாச்சு. வீடும் ஆச்சு. சாவி கையில இருக்கு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மூச்சு வாங்குறதுலயே தெரியுதுல்லா." பக்கத்தில் பாப்பா ஏதோ சத்தம் போட்டாள். "நாளன்னைக்கு நாகர்கோயில் வண்டி. எனக்கும் எங்க அண்ணனுக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. அவன் எங்கள விட்டுட்டு மறுவண்டியில திரும்பிருவான்."

"டிக்கெட்டா? எப்ப எடுத்த?"

"வியாழக்கிழமையே."

வியாழக்கிழமை என்றால் என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

"ஏ இசக்கி, இன்னைக்கு விக்காமப் போயிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"என்ன செய்ய? நாங்க வந்து டேசன்ல நிப்போம். அந்த சைக்கிள்லயே நீங்க எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருப்பீங்க."

"அதுல பின்னால கேரியர் கெடையாதே."

"அதத்தான நானும் ஒரு வருசமாச் சொல்லுதேன்" என்றாள்.